ஆல்பம் வேலை செய்யும் கணினியில் சி டிரைவ் ஏன் மீண்டும் மீண்டும் நிறைகிறது?

உங்கள் கேள்வியின் சாரம் இது. திருமண ஆல்பம் வடிவமைக்கும் கணினி, 16 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி. கடையில் விண்டோஸ் 11 நிறுவித் தந்தபோது சி டிரைவுக்கு 100 ஜிபி, டி டிரைவுக்கு 123 ஜிபி என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது சி டிரைவ் சிவப்பாகி 600 எம்பி மட்டுமே மீதம் இருக்கிறது. டிஸ்க் கிளீனப் ஓட்டினால் இரண்டு மூன்று ஜிபி கிடைக்கிறது. இரண்டே நாளில் அதுவும் போய்விடுகிறது. டி டிரைவில் 70 ஜிபி சும்மா கிடக்கிறது, அதில் 50 ஜிபியை எடுத்துச் சி டிரைவோடு சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

சேர்க்கலாம். ஆனால் அங்கிருந்து தொடங்காதீர்கள் என்பதே என் பதில். சுத்தம் செய்த இடம் இரண்டு நாளில் நிறைகிறது என்றால், சி டிரைவில் ஏதோ ஒன்று நாள்தோறும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அது எது என்று தெரியாமல் 50 ஜிபியைச் சேர்த்தால், அந்த 50 ஜிபியும் சில வாரங்களில் நிறையும். அதற்குள் பார்ட்டிஷனை, அதாவது வட்டின் பிரிவுகளை, கலைத்துக் கட்டும் ஆபத்தான வேலையையும் வீணாகச் செய்து முடித்திருப்பீர்கள். முதலில் அளக்க வேண்டும், பிறகு அழிக்க வேண்டும், அதற்குப் பிறகும் போதவில்லை என்றால்தான் பார்ட்டிஷனில் கை வைக்க வேண்டும்.

240 ஜிபி வாங்கியும் இரண்டையும் கூட்டினால் 223 தானே வருகிறது, மீதி எங்கே என்ற ஐயம் உங்களுக்கு இருக்கக்கூடும். கடைக்காரர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் அதை 1024-இன் மும்மடிப் பெருக்கமாக, அதாவது 107 கோடிக்குச் சற்று மேலாகக் கணக்கிடுகிறது. அதனால் 240 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 223 ஜிபியாகவும், 500 ஜிபி வன்தட்டு 465 ஜிபியாகவும் தெரியும்.

அளப்பதற்கு முன் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மீண்டும் போடுவதும் ரீஸ்டார்ட் செய்வதும் ஒன்றல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் என்பது விண்டோஸின் உட்கருவை வட்டில் எழுதிவைத்துத் தூங்கப் போவதுதான். ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். நிரல்கள் பிடித்துவைத்திருந்த தற்காலிகக் கோப்புகள் சில அதிலேயே விடுபடும்; ரேம் போதாதபோது விண்டோஸ் வட்டில் பயன்படுத்தும் பேஜ் ஃபைல் என்ற கோப்பு வேலை நெருக்கடியில் ஊதிப்போயிருந்தால், அதுவும் தன் பழைய அளவுக்குத் திரும்பும்.

அடுத்து, எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று படமாகக் காட்டும் நிரல் ஒன்று வேண்டும். பலரும் விஸ்ட்ரீயைப் பரிந்துரைப்பார்கள். அது கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடாமல், என்டிஎஃப்எஸ் என்ற முறையில் அமைந்த விண்டோஸ் வட்டில் எல்லாக் கோப்புகளின் பட்டியலாக இருக்கும் மாஸ்டர் ஃபைல் டேபிளை நேரடியாகப் படிப்பதால் சில நொடிகளில் முடித்துவிடும். ஆனால் அது சொந்தப் பயன்பாட்டுக்குத்தான் இலவசம். தொழிலுக்குப் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும். உங்களுடையது ஸ்டூடியோ என்பதால் விண்டிர்ஸ்டாட்டைப் பயன்படுத்துங்கள். அது திறமூல நிரல், யாருக்கும் இலவசம். அதன் மீது வலச்சொடுக்கி, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கும் தேர்வைக் கொடுத்தால்தான் பூட்டிய கோப்புறைகளின் அளவும் கணக்கில் வரும்.

பட்டியல் வந்ததும் எல்லோருடைய கண்ணும் முதலில் விண்டோஸ் கோப்புறையின் மீதுதான் விழும். அது 20, 30 ஜிபி இருக்கும், அது இயல்பு. அதற்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கோப்புறை பத்து ஜிபிக்கு மேல் காட்டும்போது அதைத் தூக்கிவிடலாம் என்று தோன்றும். தூக்கக்கூடாது. அங்குள்ள கோப்புகளில் பெரும்பகுதி, சிஸ்டம்32 போன்ற இடங்களில் இருக்கும் அதே கோப்புகளின் மறுபெயர்கள்தான். வட்டில் ஒருமுறை மட்டுமே இருக்கும் தரவுக்கு ஹார்ட் லிங்க் என்ற முறையில் இரண்டு பெயர்கள் இருக்கும். எக்ஸ்ப்ளோரர் அதை இரண்டு முறை எண்ணிவிடுகிறது. ஆகவே அது காட்டும் அளவு உண்மையைவிடப் பெரிது.

விண்டோஸ் கோப்புறைக்குள்ளேயே இன்ஸ்டாலர் என்று மறைந்திருக்கும் இன்னொரு கோப்புறையும் அப்படித்தான். ஒருமுறை என்னிடம் வந்த அலுவலகக் கணினி ஒன்றில் யாரோ அதைக் காலிசெய்து 8 ஜிபி மிச்சப்படுத்தியிருந்தார். கணினி நன்றாகத்தான் ஓடியது. மூன்று மாதம் கழித்து அலுவலக மென்பொருளுக்கு அப்டேட் வந்தபோது, பழைய நிறுவல் கோப்பைக் காணவில்லை என்று நின்றுவிட்டது. அப்டேட்டும் ஏறவில்லை, அன்இன்ஸ்டாலும் ஆகவில்லை. கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட வேண்டியதாயிற்று. விண்டோஸ் வைத்திருப்பதை விண்டோஸின் கருவிகளைக் கொண்டு மட்டுமே நீக்க வேண்டும். கையால் நீக்கக்கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

உங்கள் கணினியில் உண்மையான குற்றவாளி யூசர்ஸ் கோப்புறைக்குள், உங்கள் பெயரிலுள்ள கோப்புறையில், ஆப்டேட்டா என்ற மறைவான இடத்தில் இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். நீங்கள் செய்யும் வேலையே அதற்குச் சான்று. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால், 3600 பெருக்கல் 10800. ஏறத்தாழ 3 கோடியே 89 லட்சம் பிக்சல். ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். ஆக ஷீட் முழுவதையும் மூடும் ஒரே ஒரு லேயருக்கு ஏறத்தாழ 117 எம்பி. அப்படி இருபது லேயர் அடுக்கினால் இரண்டு ஜிபியைத் தாண்டிவிடும். பின்னால் திரும்பிச் செல்வதற்காக ஃபோட்டோஷாப் வைத்திருக்கும் ஹிஸ்டரி நிலைகள் வேறு. நான்கைந்து ஷீட்டுகளை ஒரே நேரத்தில் திறந்து வைப்பது வேறு. ரேம் போதாதபோது இவை எல்லாவற்றையும் அது ஸ்கிராட்ச் டிஸ்க் என்ற பெயரில் வட்டில் எழுதுகிறது. நீங்கள் மாற்றிச் சொல்லும்வரை அந்த வட்டு சி டிரைவ்தான்.

ஃபோட்டோஷாப்பை முறையாக மூடினால் அந்தக் கோப்பு தானாக அழிந்துவிடும். மின்சாரம் போனாலோ, நிரல் உறைந்துபோய் டாஸ்க் மேனேஜரில் நிறுத்தினாலோ அழியாது. அனாதையாக அங்கேயே கிடக்கும். சென்ற ஆண்டு நான் பார்த்த ஒரு ஸ்டூடியோ கணினியில், ஃபோட்டோஷாப் டெம்ப் என்று தொடங்கி நீண்ட எண்களோடு முடியும் கோப்புகள் ஐந்து இருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் 22 ஜிபி. ஒவ்வொரு கோப்பின் தேதியையும் சொல்லச் சொல்ல, அன்று மின்வெட்டு வந்தது என்று ஸ்டூடியோக்காரர் தம் ஆர்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்.

இதைச் சரிசெய்வது எளிது. ஃபோட்டோஷாப்பை மூடிவிட்டு, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் சதவீதக் குறி, டெம்ப் என்ற ஆங்கிலச் சொல், மீண்டும் சதவீதக் குறி என்று இடைவெளியின்றி அடித்து என்டர் கொடுத்தால் தற்காலிகக் கோப்புறை திறக்கும். அளவுப்படி வரிசைப்படுத்திப் பழையனவற்றை நீக்குங்கள். பயன்பாட்டில் உள்ளவை அழிய மறுத்தால் அவற்றைத் தவிர்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

பிறகு ஃபோட்டோஷாப்பைத் திறந்து, எடிட் மெனுவில் பிரிஃபரென்ஸஸ், அதற்குள் ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ் என்ற பகுதிக்குச் சென்று, டி டிரைவைத் தேர்ந்தெடுத்துச் சி டிரைவின் தேர்வை எடுத்துவிடுங்கள். இடமின்மையால் ஃபோட்டோஷாப் திறக்கவே மறுத்தால், அது தொடங்கும்போது கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டால் இதே தேர்வு முன்னதாகவே வரும். இரண்டு டிரைவும் ஒரே எஸ்எஸ்டியில் இருப்பதால் வேகம் சிறிதும் குறையாது. இரண்டாவதாகச் சுழலும் வன்தட்டு வைத்திருப்பவர்களுக்கு இதே அறிவுரையைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வேலை தடுமாறும்.

வீடியோவும் தொகுக்கிறீர்கள் என்றால், பிரீமியர் ப்ரோ வேலைக்காகச் சேர்த்துவைக்கும் மீடியா கேஷ் என்ற தற்காலிகக் கோப்புகள் இதைவிடப் பெரிதாக வளரும். ஆப்டேட்டாவின் ரோமிங் பகுதியில், அடோபி, காமன் ஆகியவற்றுக்குள் மீடியா கேஷ் ஃபைல்ஸ் என்ற பெயரில் அது இருக்கும். பிரிஃபரென்ஸஸில் அதன் இடத்தை டி டிரைவுக்கு மாற்றுங்கள். குறிப்பிட்ட நாட்களுக்குப் பழையதைத் தானே அழிக்கும் தேர்வும் அங்கேயே உள்ளது. லைட்ரூமில் உங்கள் திருத்தங்களைப் பதிந்துவைக்கும் கோப்பான கேட்டலாக்கை ஒட்டியிருக்கும் பிரிவியூஸ் கோப்புறையை அழித்தாலும் படங்களுக்கு ஒன்றும் ஆகாது, முன்னோட்டங்கள் மீண்டும் உருவாகும். ஆனால் கேட்டலாக் கோப்பை அழித்துவிட்டால் நீங்கள் செய்த திருத்தங்கள் எல்லாம் போய்விடும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் பெயரை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டுக் கை வையுங்கள்.

வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களும் சி டிரைவில்தான் குவிகின்றன. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக நிறுவிய வாட்ஸ்அப்பின் தரவு ஆப்டேட்டாவின் லோக்கல் பகுதியில், பாக்கேஜஸ் என்ற கோப்புறைக்குள் இருக்கும். ஐபோனை இந்தக் கணினியில் எப்போதாவது பேக்கப் எடுத்திருந்தால் அதையும் விண்டிர்ஸ்டாட்டில் தேடிப் பாருங்கள். மொபைல்சிங்க் என்ற பெயரில் பல ஜிபி இருக்கும்.

டெஸ்க்டாப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பத்து ஆண்டுகள் கணினியில் வேலை செய்தவர்கள்கூட இதில் ஏமாறுகிறார்கள். டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு கோப்புறை. மெமரி கார்டிலிருந்து படங்களை டெஸ்க்டாப்பில் போட்டால் அவை சி டிரைவில்தான் ஏறுகின்றன. டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமும் அப்படியே. இவற்றை நிரந்தரமாக டி டிரைவுக்கு மாற்ற முடியும். டி டிரைவில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு கோப்புறை உருவாக்குங்கள். பிறகு பழைய கோப்புறையின் மீது வலச்சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்ற தாவலில் மூவ் கொடுத்து, புதிய கோப்புறையைக் காட்டுங்கள். உள்ளே இருப்பவற்றையும் சேர்த்து நகர்த்தவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். கோப்புறை உருவாக்காமல் டி டிரைவையே நேரடியாகக் காட்டிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் டி டிரைவ் முழுவதையுமே விண்டோஸ் உங்கள் டெஸ்க்டாப் என்று எடுத்துக்கொள்ளும். திரும்ப மீட்பது பெரும்பாடு. மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் இந்தக் கோப்புறைகளைப் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும்.

ப்ரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையை மட்டும் இப்படி வெட்டி ஒட்ட முயலாதீர்கள். பெரிய மென்பொருள் ஒன்று டி டிரைவில் இருக்க வேண்டும் என்றால், அதை நீக்கிவிட்டு அங்கே மீண்டும் நிறுவுவதே வழி.

விண்டோஸ் தரும் கருவிகள் இதற்குப் பிறகுதான். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று செல்லுங்கள். விண்டோஸ் அப்டேட் கிளீனப் என்பதைத் தயங்காமல் குறியிடலாம். வின்எஸ்எக்ஸ்எஸ்ஸில் காலாவதியான பழைய பதிப்புகளைப் பாதுகாப்பாக நீக்கும் வழி இதுவே. முந்தைய விண்டோஸ் நிறுவல் என்று ஒன்று தெரிந்தால் அது விண்டோஸ்.ஓல்டு கோப்புறை. பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பின் பழைய பதிப்புக்குத் திரும்புவதற்காக வைக்கப்படுவது; 10 நாளில் தானாக நீங்கும், அவசரமென்றால் நீங்களே நீக்கலாம். அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற வரியும் இருக்கும். அதைக் குறியிட்டால், வாடிக்கையாளர் அனுப்பி நீங்கள் இன்னும் எடுத்துவைக்காத படங்களும் சேர்ந்து போய்விடும். அங்கிருந்து நீங்குபவை ரீசைக்கிள் பின்னுக்கும் போவதில்லை. ரீசைக்கிள் பின்னைக் காலிசெய்யுங்கள். சி டிரைவில் அழித்தது சி டிரைவின் இடத்திலேயேதான் காத்திருக்கிறது.

ஹைபர்ஃபில் என்ற மறைவான கோப்பு சி டிரைவின் மேல்மட்டத்தில் இருக்கும். கணினி ஹைபர்னேட் ஆகும்போது ரேமில் இருப்பதை எழுதிவைக்கும் இடம் அது. அளவு வழக்கமாக ரேமில் 40 சதவீதம், அதாவது உங்கள் 16 ஜிபி ரேமுக்கு 6 ஜிபிக்கு மேல். உங்களுடையது மேசைக் கணினி என்பதால் இது இல்லாமலேயே இருக்கலாம். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லையும் சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் ஒரே சொல்லாக ஒட்டி அடியுங்கள். ஓர் இடைவெளி விட்டு முன்சாய்ந்த கோடும் எச் எழுத்தும், மேலும் ஓர் இடைவெளி விட்டு ஆஃப் என்றும் அடித்து என்டர் கொடுங்கள். கோப்பு உடனே மறைந்துவிடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் இதோடு போய்விடும். எஸ்எஸ்டியில் அதனால் கூடும் தாமதம் சில நொடிகள்தான். ஆஃப் என்பதற்குப் பதிலாக ஆன் என்று அடித்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

பேஜ் ஃபைலை அணைத்துவிடச் சொல்லும் அறிவுரை பரவலாக உலவுகிறது. ஃபோட்டோஷாப் வேலை செய்பவர் அதைச் செய்யவே கூடாது; ரேம் தீர்ந்த நொடியில் நிரல் சேமிக்காமல் மூடிக்கொள்ளும். சி டிரைவை முழுவதும் கம்ப்ரஸ் செய்யும் தேர்வையும் விட்டுவிடுங்கள். ஜேபெக் படமும் வீடியோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, அவை மேலும் சுருங்கப் போவதில்லை.

சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற கோப்புறை பல ஜிபி காட்டினால், அது சிஸ்டம் ரெஸ்டோர் சேமித்த பழைய நிலைகள். சிஸ்டம் புரொடெக்‌ஷனில் கான்ஃபிகர் கொடுத்து, அதிகபட்ச அளவை 4 அல்லது 5 ஜிபியாகக் குறையுங்கள். முற்றிலும் அணைக்க வேண்டாம். ஒரு மோசமான டிரைவர் ஏறிக் கணினி கெட்டுப்போகும் நாளில் அது கைகொடுக்கும்.

இவ்வளவும் செய்தால் உங்கள் சி டிரைவில் 25, 30 ஜிபியாவது காலியாகும் என்று எதிர்பார்க்கிறேன். 100 ஜிபியில் 15 முதல் 20 ஜிபி எப்போதும் காலியாக இருப்பது நல்லது. எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும். விண்டோஸின் பெரிய அப்டேட்டுகளுக்கும் ஏறத்தாழ அந்த அளவு இடம் தேவைப்படும்.

அப்போதும் போதவில்லை என்றால் பார்ட்டிஷனுக்கு வருவோம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டி டிரைவைச் சுருக்கிவிட்டுச் சி டிரைவில் எக்ஸ்டெண்ட் வால்யூமைத் தேடினால், அது மங்கலாகவே இருக்கும். வட்டில் பார்ட்டிஷன்கள் ஒரே வரிசையில் சுவரோடு சுவராகக் கட்டிய வீடுகளைப் போன்றவை. டி டிரைவைச் சுருக்கும்போது காலியாவது அதன் வலப்பக்கக் கோடியில். சி டிரைவுக்குத் தேவைப்படுவது தன் வலப்பக்கச் சுவரை ஒட்டிய இடம். இரண்டுக்கும் நடுவில் டி டிரைவ் முழுவதும் நிற்கிறது. போதாததற்கு, அண்மைக் கால விண்டோஸ் நிறுவல்களில் சி டிரைவுக்கு அடுத்தபடியாக ஒரு சிறிய ரிக்கவரி பார்ட்டிஷனும் இருக்கும். ஆகவே டி டிரைவின் தொடக்கத்தையே வலப்பக்கம் நகர்த்த வேண்டும். அதாவது அதிலுள்ள தரவு அனைத்தையும் படித்து வேறிடத்தில் எழுத வேண்டும். ஜிபார்ட்டெட் லைவ் போன்ற கருவிகள் இதைச் செய்யும். பாதியில் மின்சாரம் போனால் டி டிரைவே திறக்காமல் போகலாம்.

ஆகவே யுபிஎஸ் இல்லாமலும், டி டிரைவில் உள்ள ஆல்பங்களை வெளிவட்டு ஒன்றில் முழுமையாக நகலெடுத்துத் திறந்து சரிபார்க்காமலும் இதைத் தொடவே வேண்டாம். டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதிகளான பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் இயங்கினால் முதலில் அதன் ரிக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய டிரைவை ஜிபார்ட்டெட் அளவு மாற்றாது என்பதால், என்க்ரிப்ஷனை முழுமையாக நீக்கிவிட்டே தொடங்க வேண்டும்.

வெளிவட்டு வாங்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே வாங்குங்கள். சி-யில் விண்டோஸ் கெட்டாலும் டி-யில் உள்ளவை பிழைக்கும் என்றுதான் கடைகளில் இப்படிப் பிரித்துத் தருகிறார்கள். விண்டோஸை மீண்டும் நிறுவும் நாளில் அது உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே எஸ்எஸ்டியில் இருக்கின்றன, அந்த எஸ்எஸ்டி பழுதானால் இரண்டும் ஒன்றாகவே போகும். ஒரு குடும்பத்தின் திருமணப் படங்களை மறுபடி எடுக்க முடியாது.

இன்று டெம்ப் கோப்புறையைச் சுத்தம் செய்து ஸ்கிராட்ச் டிஸ்க்கை மாற்றிய பிறகு, விண்டிர்ஸ்டாட்டில் யூசர்ஸ், விண்டோஸ், ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஆகிய மூன்றின் அளவுகளையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல் வேலை செய்துவிட்டு மறுபடி அளந்து, எது வளர்ந்திருக்கிறது என்பதை அதன் கோப்புறைப் பெயரோடு எழுதுங்கள். அதற்கு மேல் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.